ராஜநாயக்கனை எந்தத் துறையில் படிப்பது?

சபைச் சரித்திரத்தில் எம்.டி.ஹெச். (இறையியல் முதுநிலைப் பட்டம்) படிக்கப் போகிறேன் என்று ஒரு தம்பி சொன்னால் எங்கள் சேகரத்தில் (ஒரு குருவின் பொறுப்பிலுள்ள சபைகளில்) முதலில் வரும் கேள்வி: "அதைப் படிச்சு என்ன தம்பி செய்யப் போறீங்க?" கவுன்சிலிங் படித்தால் நாலு வீட்டுச் சண்டையையாவது தீர்த்து வைக்கலாம். புதிய ஏற்பாடு படித்தால் பிரசங்கத்தில் அங்கங்கே கிரேக்கம் தூவலாம். சரித்திரம் படித்தால்? செத்துப்போன வெள்ளைக்காரர்களின் தேதிகள்தானே.

கேட்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். பல இடங்களில் பாடம் அப்படித்தான் நடக்கிறது.

நம் செமினரிகளில் (குருக்களைப் பயிற்றும் இறையியல் கல்லூரிகளில்) பெரும்பாலானவை வங்காளத்துச் செராம்பூர் கல்லூரியின் செனட்டின் கீழ் இருப்பவை. மிஷனரிகளான கேரியும் மார்ஷ்மனும் வார்டும் 1818-இல் தொடங்கிய கல்லூரி அது. 1827-இல் டென்மார்க் அரசர் கொடுத்த சாசனத்தின் பலத்தில்தான் இன்றும் பட்டம் தருகிறார்கள். சென்னை குருகுலம், மதுரை அரசரடி, பெங்களூரு யூ.டி.சி. எல்லாம் அந்தக் குடைக்குள்தான். பி.டி. (இறையியல் இளநிலை) முடித்து எம்.டி.ஹெச். போகிறவர் ஒரு துறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சரித்திரம் ஒரு துறை, அறநெறி இன்னொன்று, இறையியலும் அதோடு ஒட்டிய தத்துவமும் வேறொன்று. சரித்திரத்துக்காரருக்கு நிசேயா சங்கம் 325, லூத்தரின் சீர்திருத்தம் 1517, தரங்கம்பாடிக்குப் புராட்டஸ்டண்ட் மிஷனரிகள் வந்த 1706. தத்துவத்துக்கு அகுஸ்தீன், அன்செல்ம், அக்குவினாஸ். அறநெறிக்கு கான்ட், அப்புறம் ஹிட்லரை எதிர்த்த ஜெர்மன் குரு போன்ஹோபர். (போன்ஹோபரை மேற்கோள் காட்டாத குருமாணவர் கிடையாது. அவரே ஒரு செமினரியை நடத்தினார், ஃபின்கன்வால்டேயில். 1937-இல் நாஜி ரகசியப் போலீசான கெஸ்டபோ அதை இழுத்து மூடியது. அதை மட்டும் யாரும் பேசுவதில்லை.) இவர்கள் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நம் ஊர்ச் சங்கதி ஒன்றை, ராஜநாயக்கன் கதையை, எடுத்தால் இந்தப் பிரிவினை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பாருங்கள்.

தரங்கம்பாடி மிஷனில் 1733-இல் ஆரோனுக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். இந்தியாவின் முதல் புராட்டஸ்டண்ட் குரு. வேளாளர். அடுத்து யார் என்ற பேச்சு வந்தபோது ராஜநாயக்கன் பெயர் அடிபட்டது. தஞ்சை அரசரின் படையில் இருந்தவர், கத்தோலிக்கக் குடும்பம், தமிழில் அச்சான சுவிசேஷத்தைப் படித்து இந்தப் பக்கம் வந்தவர், உபதேசியாராக (குருவுக்குக் கீழே இருந்து போதிப்பவராக) உழைத்தவர். ஆனால் பறையர். அவர் கையால் திருவிருந்து (அப்பமும் ரசமும்) வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் தயங்குவார்கள் என்று மிஷனரிகளே தயங்கினார்கள். 1741-இல் பட்டம் தியோகு என்ற இன்னொருவருக்குப் போனது. ராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியார்தான்.

சரித்திர வகுப்பில் ஆரோன் பெயர் தேர்வுக்கு வரும். ராஜநாயக்கன் அதிகபட்சம் ஒரு அடிக்குறிப்பு. அறநெறி வகுப்பிலோ அவர் வருவதே இல்லை, அது "சரித்திரம்" ஆயிற்றே! சபை கலைந்துவிடக் கூடாது என்பதற்காக ஒருவருக்கு அநீதி செய்யலாமா என்ற கேள்விக்கு இதைவிட நேரடியான உதாரணத்தை ஜெர்மனியிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டுமா?

இன்னும் சிக்கலான ஆள் வேதநாயகம் சாஸ்திரியார். அவர் கீர்த்தனைகள் இல்லாமல் நமக்கு ஆராதனை கிடையாது. ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர், சரபோஜி மன்னரின் நட்பைப் பெற்றவர். 1820-களில் புதிதாக வந்த மிஷனரிகளோடு அவர் மோதினார். குற்றச்சாட்டுகள் நான்கு: பழகிய வேதாகமத் தமிழை மாற்றுகிறார்கள், கோயிலில் தமிழ்ச் சங்கீதத்தைத் தடுக்கிறார்கள், கல்யாணத்திலும் சாவிலும் பூவைத் தடுக்கிறார்கள், சாதி பாராமல் ஒன்றாக உட்கார்ந்து திருவிருந்து எடுக்கச் சொல்கிறார்கள். பூவுக்கும் பாட்டுக்கும் இன்று எல்லாரும் அவர் பக்கம்தான் நிற்போம். நான்காவதில்? அதே வாயால், அதே தமிழ்ப் பண்பாட்டின் பேரில் அவர் சாதிக்காகவும் வாதாடினார். 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடவே கூடாது என்று கடிதம் எழுதியபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். சாதி விஷயத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்த ஜெர்மன் லுத்தரன் மிஷனான லீப்சிக் மிஷன் பிறகு வந்தபோது அங்கே போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு.

தத்துவத்துக்கு இங்கே வேலை இருக்கிறது. சாதி சமயமா, சமூக வழக்கமா? மதுரைக்கு 1606-இல் வந்த இயேசு சபைக் குரு தெ நொபிலி, பூணூலும் குடுமியும் சந்தனமும் வெறும் சமூக அடையாளங்கள் என்று வாதாடினார். 1623-இல் போப் பதினைந்தாம் கிரகோரி அதற்கு அனுமதியும் கொடுத்தார். நூறு, இருநூறு ஆண்டுகள் தாண்டியும் நம் ஆட்கள் பிடித்துக்கொண்டது அந்த வாதத்தின் வாலைத்தான். நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலில் சாதிக்கு ஒரு பக்கமாகப் பிரித்த சுவர் 1910-இல்தான் இடிந்தது. அதற்கும் வழக்குப் போட்டு மதராஸ் உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள்.

இதை ஒரே பாடமாக நடத்த முடியாதா? நான் பி.டி. படித்த இடத்தில் சரித்திரப் பேராசிரியரும் அறநெறிப் பேராசிரியரும் எதிரெதிர் அறையில்தான் இருந்தார்கள். டீ ஒன்றாகக் குடிப்பார்கள், பாடம் ஒன்றாக எடுத்து நான் பார்த்ததில்லை. திருமண்டலத் தேர்தலில் எந்த வேட்பாளருக்கு எந்தச் சாதி ஓட்டு என்று விரல்விட்டு எண்ணும் ஊரிலிருந்துதான் மாணவர்கள் வருகிறார்கள். கான்ட்டைப் பற்றி நன்றாகவே எழுதிவிட்டு அதே ஊருக்குத் திரும்பிப் போகிறார்கள்.

மொழி விஷயம் தனி எரிச்சல். அரசரடியில் பி.டி.யைத் தமிழிலேயே படிக்க வழி செய்தார்கள், அது பெரிய காரியம். முதுநிலைக்கு வந்தால் ஆய்வேடு பெரும்பாலும் ஆங்கிலத்தில். நாசரேத் பக்கத்துச் சபை ஒன்றைப் பற்றி, அந்தச் சபையின் தமிழ்ப் பதிவேடுகளை வைத்து, அந்தச் சபையார் வாசிக்கவே முடியாத ஆங்கிலத்தில் எழுதி, நூலக அலமாரியில் பூட்டிவிடுகிறோம். அப்புறம் சபையார் சரித்திரத்தை மதிப்பதில்லை என்று நமக்கு வருத்தம்!

இந்த வருடம் தலைப்புத் தேடும் தம்பி தங்கைகளுக்கு: லூத்தரைப் பற்றி எழுத ஜெர்மனியில் ஆள் இருக்கிறது. உங்கள் சேகரத்து பீரோவில் ஞானஸ்நானப் பதிவேடும் பழைய கமிட்டி மினிட்ஸ் புத்தகமும் கரையான் அரித்தது போக மிச்சம் இருக்கும். கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்தப் பக்கம் என்று தீர்மானம் போட்டது யார், எதிர்த்துப் பேசியது யார் என்று அதில் இருக்கிறதா பாருங்கள். செயலாளர் ஐயா பீரோ சாவி தர யோசிப்பார். பேராசிரியர் கையெழுத்தோடு ஒரு கடிதம் கொண்டுபோங்கள், போனில் படமெடுத்துக்கொண்டு புத்தகத்தை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். ஆய்வேடு முடிந்ததும் தமிழில் ஒரு சுருக்கமாவது எழுதி அந்தச் சபைக்கே கொடுங்கள். சண்டை வரும். வரட்டும்.