504 வெறும் செடான் அல்ல

பேஜோ 504 என்ற பிரெஞ்சுக் கார் பற்றிய உங்கள் கட்டுரை அருமை, ஆனால் தனி டிக்கி உள்ள செடானோடு நிறுத்திவிட்டீர்களே என்றுதான் வருத்தம். அந்த வண்டியின் உயிரே பிரேக் (சரக்கு வைக்கப் பின்பக்கம் நீட்டிய எஸ்டேட்), ஃபாமிலியால் (பெரிய குடும்பத்துக்கான வகை) என்ற நீள வண்டிகளில்தான் இருக்கிறது. 1968ல் வந்த செடானுக்கு முன், பின் சக்கரங்களின் இடைவெளி 2.74 மீட்டர், இவற்றுக்கு 2.90. கூடுதலாகக் கிடைத்த அந்த 16 சென்டிமீட்டரில்தான் ஃபாமிலியாலில் மூன்றாவது வரிசை இருக்கை போட்டு, எல்லோரையும் முன்பக்கம் பார்த்தபடி உட்கார வைத்தார்கள். பின்னால் செடானில் இருந்த, ஒவ்வொரு சக்கரமும் தனியாக ஏறி இறங்கும் சஸ்பென்ஷனை விட்டுவிட்டு, பாரம் தாங்க இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே கட்டை அச்சு, அதற்கு நான்கு சுருள் வில்கள், அதாவது பக்கத்துக்கு இரண்டு. ஆப்பிரிக்காவின் மண் சாலைகளில் ஆளையும் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு இவை ஓடியது சும்மா இல்லை. பிரான்சில் நிறுத்திய பிறகும், நைஜீரியாவின் கடூனா நகரத் தொழிற்சாலையில் 504ஐப் பல வருடம் செய்தார்கள்.

அப்புறம் வடிவமைப்பு, அது இத்தாலிய கார் வடிவமைப்பு நிறுவனமான பினின்ஃபரினாவுடையது. செடானைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள், டிக்கி மூடி நேராக வந்து பாதியில் சட்டென்று மடிந்து கீழே இறங்கும். பலருக்கு அது பிடிக்காது. எனக்கு அந்த மடிப்பும், ஓரம் சாய்ந்த முன்விளக்குகளும்தான் 504.