ரெக்கார்டு நோட்டைத் திறந்து பாருங்கள்

வளாக நேர்காணல் காலம் வந்துவிட்டால் எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு கேள்வி தவறாமல் எழும்: "பையன்களுக்கு வாயே திறக்க வரவில்லை, ஆங்கிலத் துறை என்னதான் செய்கிறது?" பல ஆண்டுகள் நானும் கேட்டவன்தான்.

முதலாண்டில் ஓர் ஆங்கிலத் தாள், கடைசி ஆண்டில் கோட்டுப் போட்டு வெளியிலிருந்து வரும் ஒரு பயிற்சியாளர். இடையில் மாணவன் சொந்தமாக ஒரு பத்திகூட எழுதுவதில்லை. ஆய்வகச் சோதனைகளை எழுதிவைக்கும் ரெக்கார்டு நோட்டு இருக்கிறதே என்பீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

நான் மெக்கானிக்கல் ஆசிரியர். இழுவைச் சோதனையில், முறியும்வரை இழுக்கப்படும் எஃகுக் கம்பி கழுத்து ஒடுங்கி, ஒரு முனை கிண்ணமும் மறு முனை கூம்புமாக முறிவதைப் பையன்கள் கண் கொட்டாமல் பார்ப்பார்கள். அடுத்த வாரம் எல்லா நோட்டிலும் ஒரே நோக்கம், ஒரே செய்முறை. சீனியர் விட்ட எழுத்துப்பிழைகூட வம்சாவளியாக வந்திருக்கும். நானும் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டுத் தள்ளுவேன்.

போன பருவத்தில் செய்முறைப் பக்கத்தை நிறுத்திவிட்டேன். "உன் கம்பி எங்கே முறிந்தது? எதிர்பார்த்த அளவு ஏன் வரவில்லை? அன்று வராத நண்பனுக்குப் புரியும்படி ஒரு பக்கம் எழுது" என்றேன். முதல் வரைவு தமிழிலும் இருக்கலாம். அண்ணா பல்கலைக்கழகம் 2010-லேயே சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழ்வழியில் தொடங்கியது. ஒரு பக்கத்துக்கு என்ன தயக்கம்?

வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் தலை குனிந்தே நிற்கும் ஒருவன், "பிடி வழுக்கியது, கம்பி நீளாமலே அளவு மட்டும் நீண்டது" என்று எழுதியிருந்தான். அவன் வரைபடத்தின் தொடக்கம் ஏன் கோணலாக இருந்தது என்பது எனக்கே அப்போதுதான் விளங்கியது. அதையே ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். இரண்டு முறை திருத்தினான். வைவாவில் அதைப் பற்றிக் கேட்டபோது நிமிர்ந்து நின்று பதில் சொன்னான். தெரிந்ததைப் பேச எவனுக்குத்தான் வராது?

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 2001 முதல் சேரும் இளநிலை மாணவர்கள் எழுத்தும் பேச்சும் அழுத்தமாகக் கற்பிக்கப்படும் நான்கு பாடங்களைப் படித்தாக வேண்டும். அவற்றில் இரண்டு அவரவர் துறைப் பாடங்கள். கணிதத் துறையும் அங்கே எழுத்துக்குப் பொறுப்பு. அவர்களுக்கு வசதி இருக்கிறது, உண்மைதான். எனக்கு ஒரு பிரிவுக்கு அறுபது நோட்டு. வாரம் பத்துப் பேருடையதை மட்டும் முறைவைத்து ஊன்றிப் படிக்கிறேன், மற்றவற்றை மேலோட்டமாகத்தான்.

ஆய்வுக் குழு வந்தால் பழைய வடிவத்தில்தான் நோட்டைக் கேட்கும் என்று துறைத் தலைவர் கவலைப்பட்டார். ஆகவே இப்போது இரண்டையும் எழுதுகிறார்கள். செய்முறைப் பக்கத்தை நான் படிப்பதில்லை.