நாற்பதாயிரம் ஊசி போட்டுக்கொண்டவன் பேசுகிறேன்

மரபணு மாற்றிய எதுவும் விஷம், இயற்கையே போதும் என்று ஒருவர் பேசும் அந்த ஆறு நிமிடக் காணொளியைப் பற்றி எழுதக் கூடாது என்று மூன்று நாளாக வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பாதிப் பேர் ஷேரும் செய்திருக்கிறீர்கள், எனக்குத் தெரிகிறது. லிங்க் வேறு கொடுத்து இன்னும் நாலு பேரைப் பார்க்க வைக்கும் புண்ணியம் எனக்கு வேண்டாம். நாலாவது நிமிடத்தில் "ஜீனைத் தொட்ட எதையும் உடம்புக்குள்ள விடாதீங்க, ஊசி மருந்தா இருந்தாலும் சரி" என்று அவர் கையை ஆட்டிச் சொல்கிறார் இல்லையா, அதற்குக் கீழே போய் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "ஐயா, அப்படியானால் இன்சுலின் போடுகிறவர்கள் என்ன செய்ய வேண்டும்?" அவ்வளவுதான். 'ஐயா' எல்லாம் போட்டுத்தான் கேட்டேன். இன்றைய இன்சுலினே ஜீனைத் தொட்டுச் செய்வதுதான், அதைப் போட்டுத்தான் நான் உயிர் வாழ்கிறேன்.

பதில் வந்தது: "கம்பெனி எவ்வளவு கொடுத்தது?"

அதற்கு வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். அதில் ஒன்று என்னோடு கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தவனுடையது. லோ சுகரில் எனக்கு நாக்குக் குழறிய ஒரு ராத்திரி, அரைத் தூக்கத்தில் எழுந்து சர்க்கரை கரைத்துக் கொடுத்தானே, அவனேதான்.

கம்பெனி எனக்கு எதுவும் கொடுக்கவில்லை. 38 வருடமாக நான்தான் கம்பெனிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

சரி, கோபத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. 'மரபணு மாற்றம்' என்பது ஒரு பொருளின் பெயர் இல்லை, ஒரு வேலையின் பெயர். எழுதுவது மாதிரி. எழுத்தில் காதல் கடிதமும் வரும், மொட்டைக் கடிதமும் வரும். அதற்காக "எழுத்து உடம்புக்கு ஆகாது" என்று யாராவது சொல்வார்களா? என்ன எழுதியிருக்கிறது, கொடு பார்ப்போம் என்றுதானே கேட்போம்?

உவமைக்காக மட்டும் சொல்லவில்லை. டி.என்.ஏ. உண்மையிலேயே நாலே எழுத்தில் எழுதிய குறிப்புதான். ஏ, டி, ஜி, சி. மூன்று மூன்று எழுத்தாகப் படித்தால் ஒவ்வொரு மூன்றுக்கும் ஓர் அமினோ அமிலம். அமினோ அமிலங்களை வரிசையாகக் கோத்தால் புரதம். பாக்டீரியாவிலிருந்து யானை வரை, சில்லறை விதிவிலக்குகள் போக, எல்லா உயிரும் இந்த எழுத்தை ஒரே மாதிரிதான் படிக்கிறது. மனிதப் புரதத்துக்கான குறிப்பை ஒரு பாக்டீரியாவிடம் கொடுத்தால், இது யாருடையது என்று கேட்காமல் அப்படியே செய்து தருகிறது. மொத்தத் தொழில்நுட்பமும் நிற்பது இந்த ஒரு விஷயத்தின் மேல்தான்.

1973இல் ஸ்டான்லி கோஹன், ஹெர்பர்ட் பாயர் என்ற விஞ்ஞானிகள் இதற்கான வழியைச் செய்து காட்டினார்கள். பாக்டீரியாவுக்குள் பிளாஸ்மிட் என்று வளையம் மாதிரி ஒரு சின்ன டி.என்.ஏ. தனியாகத் திரியும். அதை ஓர் இடத்தில் வெட்டி, வேண்டிய துண்டை நடுவில் வைத்து ஒட்டி, திரும்ப பாக்டீரியாவுக்குள் அனுப்பிவிட்டார்கள். வெட்டிய கத்தரி எது தெரியுமா? உள்ளே நுழையும் வைரஸைத் துண்டு போடுவதற்காக பாக்டீரியாவே வைத்திருக்கும் நொதி. ஒட்டுகிற நொதியும் உயிரணுக்குள் ஏற்கெனவே இருப்பதுதான், அறுந்த டி.என்.ஏ.வைத் தைப்பதற்கு. மனிதன் இதில் புதிதாகச் செய்தது, அந்தப் பட்டறைக்குள் புகுந்து கருவிகளைக் கடன் வாங்கியது.

இனி என் கதை. 1986இல் எனக்கு 9 வயது. தண்ணீர் குடித்து மாளவில்லை, சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது, ஒரு நாள் பள்ளியிலேயே விழுந்துவிட்டேன். டைப் ஒன் சர்க்கரை நோய். உடம்பு தானாக இன்சுலின் செய்வது நின்றுபோகும், ஊசிதான் கதி. அன்றைக்கு எனக்குக் கிடைத்தது மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலின். காணொளிக்காரர் பாஷையில் சொன்னால் சுத்த 'இயற்கை'. யாரும் எந்த ஜீனையும் தொடவில்லை.

அந்த இயற்கை என் இரண்டு தொடையிலும் குழி பறித்தது. ஊசி போட்ட இடத்தில் கொழுப்பு கரைந்து கிண்ணம் மாதிரி பள்ளம் விழும். பழைய விலங்கு இன்சுலின் போட்டவர்களைக் கேளுங்கள், பலருக்குத் தெரியும். மாட்டு இன்சுலினுக்கும் மனித இன்சுலினுக்கும் 51 அமினோ அமிலத்தில் 3 வித்தியாசம், பன்றிக்கு 1. அந்த வித்தியாசத்தோடு, சுத்திகரிப்பில் மிஞ்சிய கசடும் சேர்ந்துகொள்ளும். உடம்பு அந்நியன் என்று கண்டுபிடித்துச் சண்டைக்குப் போகும். பன்னிரண்டு வயதுக்கு மேல் நான் யார் முன்னாலும் அரைக்கால் சட்டை போட்டதில்லை. அம்மா தினமும் ராத்திரி அந்தப் பள்ளத்தில் விரலை வைத்துப் பார்ப்பார், ஏதோ தடவினால் நிரம்பிவிடும் போல.

பதினாறு வயதில் மனித இன்சுலினுக்கு மாறினேன். அதாவது, நீங்கள் 'விஷம்' என்று சொல்லும் அந்த மரபணு மாற்றிய சரக்குக்கு.

அது வந்த கதையைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் "மனுஷ ஜீனை அறுத்து எடுத்து" என்று அவர் ஒரு வார்த்தை விட்டார். 1978இல் ஜெனன்டெக் நிறுவனமும் சிட்டி ஆஃப் ஹோப் ஆய்வகமும் முதன்முதலில் பாக்டீரியாவில் மனித இன்சுலினைச் செய்தபோது, எந்த மனிதனிடமிருந்தும் எதையும் அறுக்கவில்லை. இன்சுலினில் இரண்டு சங்கிலி. ஒன்றில் 21 அமினோ அமிலம், இன்னொன்றில் 30. ஆக, ஒன்றுக்கு 63 எழுத்து, இன்னொன்றுக்கு 90. அந்த எழுத்துகளை வேதிப்பொருள்களைக் கொண்டு ஆய்வகத்திலேயே கோத்தார்கள். எழுதினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். ஈ.கோலை பாக்டீரியா இரண்டு சங்கிலியையும் தனித்தனியாகச் செய்து கொடுத்தது, பிறகு இணைத்துக்கொண்டார்கள். 1982இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மரபணுப் பொறியியலில் செய்து மனிதனுக்கு அனுமதிக்கப்பட்ட முதல் மருந்து அது. இன்றைக்கு ஈஸ்டிலும் செய்கிறார்கள். ஊசிக்குள் பாக்டீரியாவும் கிடையாது, ஈஸ்டும் கிடையாது. சுத்திகரித்த புரதம் மட்டும்தான்.

"மனித இன்சுலினுக்கு மாறியவர்களுக்கு லோ சுகர் வருவதே தெரியாமல் போச்சே" என்று ஒருவர் அங்கே எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. எண்பதுகளின் கடைசியில் அப்படிப் புகார்கள் வந்தது உண்மை. ஆராய்ந்து பார்த்தார்கள், மாட்டு, பன்றி இன்சுலினோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் அது நிரூபணமாகவில்லை. புகார் சொன்னவர்களை நான் பொய்யர்கள் என்று சொல்ல மாட்டேன், அந்த வியர்வையும் நடுக்கமும் என்னவென்று எனக்குத் தெரியும். ஆனால் பாருங்கள், அவர் 'என்ன எழுதியிருக்கிறது' என்று கேட்கிறார். இவருக்கு நான் உட்கார்ந்து ராத்திரி முழுக்கப் பதில் சொல்வேன்.

1996இல் இன்னொரு வேலை செய்தார்கள், எனக்கு மிகவும் பிடித்தது. இன்சுலினின் 30 அமினோ அமிலச் சங்கிலியில் (அதற்குப் பெயர் பி சங்கிலி) 28ஆம் இடத்தில் புரோலின், 29ஆம் இடத்தில் லைசின். இரண்டையும் இடம் மாற்றி உட்கார வைத்தார்கள், அவ்வளவே. சாதாரண இன்சுலின் மூலக்கூறுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு மெதுவாகத்தான் ரத்தத்தில் கலக்கும். இடம் மாற்றியவை சீக்கிரம் பிரிந்து ஓடும். அதுவரைக்கும் நான் ஊசி போட்டுவிட்டு அரைமணி நேரம் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், சாப்பாடு தாமதமானால் கை நடுங்கும். பிறகு எல்லோரும் உட்காரும்போது நானும் உட்கார்ந்தேன். இப்படிப்பட்ட இன்சுலின் இயற்கையில் எங்கும் கிடையாது, முழுக்க முழுக்கச் செயற்கை. தாராளமாகத் திட்டுங்கள்.

"இயற்கையே போதும்" கோஷ்டிக்கு இரண்டு விஷயம். வளர்ச்சி ஹார்மோன் குறைந்த குழந்தைகளுக்கு ஒரு காலத்தில் அதை எங்கிருந்து எடுத்தார்கள் என்று தெரியுமா? இறந்தவர்களின் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து. அப்படி ஊசி போட்ட சிலருக்கு மூளையை அரிக்கும் க்ராய்ட்ஸ்ஃபெல்ட் யாக்கோப் நோய் வந்தது. 1985இல் அமெரிக்காவில் அதை நிறுத்தினார்கள், அதே ஆண்டு பாக்டீரியாவில் செய்த ஹார்மோன் வந்தது. ரத்தம் உறையாத ஹீமோஃபிலியாக்காரர்களுக்கு ஆயிரக்கணக்கானவர்கள் கொடுத்த பிளாஸ்மாவைக் கலந்து எடுத்த உறைபொருளைப் போட்டார்கள். எண்பதுகளில் அதன் வழியாக எச்.ஐ.வி. எத்தனை பேர் வீட்டுக்குள் நுழைந்தது! ஜீன் வழியில் செய்த உறைபொருள், ஃபேக்டர் எட்டு என்பது, 1992இல் வந்தது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைக்கூட முதலில் நோய்த்தொற்று உள்ளவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்தார்கள், 1986 முதல் ஈஸ்டில் செய்கிறார்கள். எது சுத்தம், எது அசுத்தம்? நீங்களே சொல்லுங்கள்.

இன்னொரு கேள்வி, "தக்காளிக்குள் மீன் ஜீன்!" அப்பா, இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. குளிர் தாங்கும் ஜீனைத் தட்டைமீனிலிருந்து எடுத்துத் தக்காளியில் வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள், விற்பனைக்கு வரவே இல்லை. அடுத்தது. "உயிர் விட்டு உயிருக்கு ஜீன் போவது இயற்கைக்கு விரோதம்." சர்க்கரைவள்ளிக்கிழங்குக்குள் ஒரு மண் பாக்டீரியாவின் ஜீன்கள் தானாகவே குடியேறியிருப்பதை 2015இல் கண்டுபிடித்தார்கள். மனிதன் ஆய்வகம் கட்டுவதற்கு ஆயிரக்கணக்கான வருடம் முன்பே நடந்த வேலை. செடிக்குள் ஜீனைச் சேர்க்க இன்று ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்துவதும் அந்த பாக்டீரியாக் குடும்பத்தைத்தான்.

பயிர் விஷயத்தில் உங்கள் சந்தேகம் எல்லாம் தப்பு என்று சொல்ல வரவில்லை. பிடி (Bt) பருத்திச் செடியில் இருக்கும், பூச்சியைக் கொல்லும் புரதத்துக்கு இளஞ்சிவப்புக் காய்ப்புழு பழகிக்கொண்டது உண்மை. களைக்கொல்லியைத் தாங்கும் பயிரோடு சேர்ந்து களைக்கொல்லியைத் தாங்கும் களையும் வந்தது உண்மை. விதைக்குக் காப்புரிமை வாங்கி வைத்துக்கொண்டு விவசாயியை மிரட்டுவது அசிங்கம். கேளுங்கள், சண்டை போடுங்கள், நானும் வருகிறேன். ஆனால் அதெல்லாம் இன்ன பயிர், இன்ன விதை, இன்ன நிறுவனம் என்று பெயர் சொல்லிப் போட வேண்டிய சண்டை. மொத்தமாக 'ஜீனைத் தொட்டது' என்று ஒரே மூட்டையாகக் கட்டி எறிந்தால், அந்த மூட்டைக்குள் நானும் கிடக்கிறேன்.

ஆபத்தே இல்லை என்றும் சொல்லவில்லை. 1999இல் ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்ற 18 வயதுப் பையன் மரபணுச் சிகிச்சைச் சோதனையில் இறந்துபோனான். 2018இல் சீனாவில் ஹே ஜியான்குய் என்ற விஞ்ஞானி கருவிலேயே ஜீனைத் திருத்திக் குழந்தைகளைப் பிறக்க வைத்துவிட்டு வந்து நின்றபோது எனக்கும் வயிற்றைப் பிசைந்தது, அவரைச் சிறையில் போட்டார்கள், சரிதான். இதற்கெல்லாம் முதலில் பயந்தவர்களும் விஞ்ஞானிகள்தான். 1975லேயே கலிஃபோர்னியாவில் அசிலோமர் என்ற இடத்தில் கூடி எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று தங்களுக்குத் தாங்களே வேலி போட்டுக்கொண்டார்கள். காணொளி எடுத்தவர்கள் இல்லை.

உண்மையில் நீங்கள் கத்த வேண்டிய இடம் வேறு. 1923இல், இன்சுலினைக் கண்டுபிடித்த பான்டிங்கும் அவரோடு வேலை செய்தவர்களும் இன்சுலின் காப்புரிமையை டொரான்டோ பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு 1 டாலருக்குக் கொடுத்தார்கள். இன்று உலகத்தில் எத்தனை வீட்டில் இன்சுலினை எண்ணி எண்ணி, அளவைக் குறைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்? கிறிஸ்பர் என்ற ஜீன் வெட்டும் கத்தரியைக் கண்டுபிடித்ததற்கு 2020இல் டௌட்னாவுக்கும் ஷார்பான்டியேவுக்கும் நோபல் கொடுத்தார்கள், 2023இல் அதை வைத்து அரிவாளணுச் சோகை என்ற பரம்பரை ரத்த நோய்க்குச் சிகிச்சை வந்தது. அமெரிக்காவில் அப்போது அதற்கு வைத்த விலை 22 லட்சம் டாலர். இதைக் கேளுங்கள் ஐயா! இந்தக் கொள்ளையைக் கேட்டு ஆறு நிமிடம் பேசுங்கள், முதல் ஷேர் என்னுடையது. அது கஷ்டம். 'இயற்கை' என்று கையை ஆட்டுவது சுலபம்.

எங்கேயோ போய்விட்டேன். இதை எழுத உட்கார்ந்ததற்கு அந்தச் சிரிப்புப் பொம்மைகள் காரணமில்லை. என் விடுதி நண்பன் சிரித்ததுகூட இல்லை (கொஞ்சம் இருக்கிறது, பொய் சொல்லவில்லை).

நேற்று ராத்திரி இன்பாக்ஸில் ஓர் அம்மா எழுதியிருந்தார். யார் என்று எனக்குத் தெரியாது, அந்த கமென்ட்டைப் பார்த்து வந்திருக்கிறார். "சார், என் பையனுக்கு 7 வயசு. போன மாசம்தான் டைப் ஒன்னுன்னு சொன்னாங்க. ஜீன் மாத்தாத இன்சுலின் எங்கயாவது கிடைக்குமா? கிடைக்கிற வரைக்கும் ஊசிய நிறுத்தி வைக்கலாமா சார்?"

1922 ஜனவரியில் லியோனார்ட் தாம்ப்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் இன்சுலின் ஊசி போட்டார்கள். அதற்கு முன்னால் இந்த நோய் வந்த பிள்ளைகளைப் பட்டினி போட்டுச் சாவைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்கள், அவ்வளவுதான் முடிந்தது. டைப் ஒன் குழந்தைக்கு இன்சுலினை நிறுத்தினால் மாதக்கணக்கெல்லாம் இல்லை, நாள் கணக்கு. நாலாவது நிமிடத்தில் கையை ஆட்டியவருக்கு இது தெரியுமா? தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா? எது மோசம் என்றே எனக்குப் புரியவில்லை.

"நிறுத்தாதீங்கம்மா. ஒரு வேளைகூட நிறுத்தாதீங்க. இப்பவே உங்க டாக்டருக்கு போன் பண்ணுங்க. எனக்கும் இதே நோய், 9 வயசுல வந்துச்சு, இதோ உயிரோட உங்ககிட்ட பேசிக்கிட்டு இருக்கேன்" என்று உடனே எழுதினேன். என் நம்பரையும் போட்டேன்.

காலையிலிருந்து பதினோரு தடவை பார்த்துவிட்டேன். அவர் இன்னும் அதைத் திறக்கவில்லை.