பட்டியல் போட்டால் போதுமா?

எந்த உயிரினம் அழியும் ஆபத்தில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று வகைப்படுத்துவதுதான் சிவப்புப் பட்டியல். அதைப் பற்றிய ஒரு கட்டுரையில், "சிவப்புப் பட்டியலால் எந்த உயிரினம் பிழைத்தது?" என்று அதை எழுதியவர் கேட்கிறார். சைகா மானைப் பாருங்கள். குட்டித் தும்பிக்கை மாதிரி மூக்கு தொங்கும், வேடிக்கையான முகம். 2015இல் கஜகஸ்தானில் பாக்டீரியா தாக்கி, சில வாரங்களில் சுமார் 2 லட்சம் மான்கள் செத்து விழுந்தன. வேட்டைத் தடுப்பும் கண்காணிப்பும் விடாமல் நடந்ததால் கூட்டம் மீண்டது; 2023இல் பட்டியலில் ஆபத்து குறைந்த பக்கமாக ஒரேயடியாக மூன்று படி முன்னேற்றம்.

எனக்கு உறுத்துவது வேறு. புலிக்கு கேமரா, யானைக்கு ரேடியோ காலர் கிடைத்துவிடும். பூஞ்சையையும் நன்னீர் மீனையும் யார் தேடிப் போவது? பட்டியலில் 'தரவு போதாது' என்று எழுதி ஓரங்கட்டி விடுகிறார்கள். இவ்வளவுக்கும் பறவைகளைத்தான் அதிகம் பேர் கவனிக்கிறார்கள். அதிலேயே மெல்லிய அலகு கர்லூ என்ற பறவையைக் கடைசியாக உறுதியாகப் பார்த்தது 1995இல், மொராக்கோவில். அழிந்துவிட்டது என்று பட்டியலில் ஏற 2025 ஆகிவிட்டது.