கிருமி போனதா என்று யார் பார்த்தார்கள்?

எச் பைலோரி, அதாவது இரைப்பையில் குடியிருந்து அல்சர் உண்டாக்குகிற கிருமி, பாசிட்டிவ் என்று ரிப்போர்ட் வந்ததும் பதறிப்போய், 14 நாள் மாத்திரையை ஒரு வேளைகூட விடாமல் சாப்பிட்டு முடிக்கிறவர்கள் நிறையப் பேர். முடித்த பிறகு கிருமி உண்மையிலேயே போனதா என்று இன்னொரு முறை பார்க்கிறவர்கள் ரொம்பக் குறைவு. லேப்பில் உட்கார்ந்து மாதிரி வாங்குகிற ஆள் என்கிற முறையில் எனக்கு இது தீராத ஆதங்கம். முதல் டெஸ்டைவிட இரண்டாவது டெஸ்ட்தான் முக்கியம் என்பது என் கட்சி. அதற்கு எண்டோஸ்கோபிக் குழாய் விழுங்க வேண்டியதும் இல்லை. ஊதினால் போதும், அல்லது கொஞ்சம் மலம் கொடுத்தால் போதும். அதையும் செய்யாமல் விடுகிறோமே என்பதுதான் கூடுதல் எரிச்சல்.

கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன். வயிற்று அமிலத்தில் எந்தக் கிருமியும் பிழைக்காது, அல்சருக்குக் காரணம் கவலையும் காரமும்தான் என்று மருத்துவ உலகமே நம்பிக்கொண்டிருந்த காலம். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் என்ற நோய்க்குறியியல் மருத்துவர், நோயாளிகளின் இரைப்பைத் துணுக்குகளில் வளைந்த பாக்டீரியா ஒட்டியிருப்பதை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். பாரி மார்ஷல் என்ற இளம் டாக்டர் அவரோடு சேர்ந்துகொண்டார். 1982இல், ஈஸ்டர் விடுமுறை குறுக்கே வந்ததால் வழக்கத்தைவிடக் கூடுதல் நாள் அப்படியே கிடந்த வளர்ப்புத் தட்டில்தான் கிருமி முதன்முதலாக வளர்ந்தது. அப்போதும் நம்ப ஆளில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைக் கரைத்துத் தானே குடித்துவிட்டார். சில நாளில் வாந்தி. பத்து நாள் வாக்கில் எண்டோஸ்கோபி செய்தால் இரைப்பையில் அழற்சி, கூடவே கிருமி. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு.

எல்லோரும் அவர் குடித்ததைத்தான் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய சங்கதி. குடிப்பதற்கு முன்பே தன் வயிற்றில் எண்டோஸ்கோபி செய்து, கிருமி இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டுதான் அவர் குடித்தார். முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை. அப்படிப் பார்க்க அன்றைக்குக் குழாயை விட்டால் வழி கிடையாது. இன்றைக்கு இருக்கிறது.

மூச்சுப் பரிசோதனையின் சூட்சுமம் அழகானது. இந்தக் கிருமி அமிலத்தில் சாகாமல் இருப்பதற்குக் காரணம் அது ஏராளமாகச் சுரக்கும் யூரியேஸ் என்ற நொதி. அது யூரியாவை உடைத்து அம்மோனியாவாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் ஆக்குகிறது. அம்மோனியா சுற்றியிருக்கிற அமிலத்தை முறித்துவிடும். கிருமி நிம்மதியாக இருக்கும். மனித உடலின் செல்களுக்கு இந்த நொதியைச் செய்யத் தெரியாது. அப்படியானால் வயிற்றில் யூரியா உடைகிறது என்றாலே அங்கே கிருமி உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். அதனால் கார்பன்-13 சேர்த்த யூரியாவைக் குடிக்கக் கொடுக்கிறோம். கிருமி இருந்தால் அது உடைந்து, அந்தக் கார்பன் ரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியாக மூச்சில் வெளியே வந்துவிடும். எந்தத் தந்திரத்தால் கிருமி பிழைக்கிறதோ அதே தந்திரம் அதைக் காட்டிக்கொடுக்கிறது.

“எதுக்கு ரெண்டு தடவை ஊதணும்?” என்று கேட்காதவர் இல்லை. கார்பன்-13 இயற்கையிலேயே உள்ளது. உலகத்தில் இருக்கிற கார்பனில் சுமார் 1.1 சதவீதம் அதுதான். நம் ஒவ்வொரு மூச்சிலும் அது கொஞ்சம் இருக்கும். ஆகவே யூரியா குடிப்பதற்கு முன் ஒரு பையில் ஊதச் சொல்லி, குடித்து அரை மணி நேரம் வாக்கில் இன்னொரு பையில் ஊதச் சொல்லி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இயந்திரம் கணக்கிடும். கார்பன்-13 கதிரியக்கம் இல்லாதது, பயப்பட ஒன்றுமில்லை. கார்பன்-14 வைத்தும் இதே டெஸ்ட் உண்டு. அதில் கதிரியக்கம் மிகமிகச் சொற்பம் என்றாலும் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் பொதுவாகத் தவிர்ப்பார்கள்.

ஊதுவதிலும் ஒரு பக்குவம் உண்டு. மேல்மூச்சை மட்டும் புஸ்ஸென்று விட்டால் அது வாயில் இருந்த காற்று. நன்றாக இழுத்து, கொஞ்சம் நிறுத்தி, அப்புறம் கடைசிவரை ஊத வேண்டும். நுரையீரலின் அடியில் இருந்து வருகிற மூச்சுதான் எங்களுக்கு வேண்டும். இன்னொன்று, வாயில் குடியிருக்கிற சில பாக்டீரியாக்களுக்கும் யூரியேஸ் உண்டு. குடித்த கையோடு மூச்சை எடுத்தால் அவை செய்த வேலையை வயிற்றுக் கிருமியின் தலையில் கட்டிவிடுவோம். வாய் கொப்புளிக்கச் சொல்வதும், காத்திருக்க வைப்பதும், சில முறைகளில் யூரியாவை மாத்திரையாக விழுங்கச் சொல்வதும் இதற்காகத்தான். கூடவே கொடுக்கிற புளிப்பான சிட்ரிக் அமில பானம் யூரியாவைக் கொஞ்ச நேரம் வயிற்றிலேயே தங்க வைக்கும்.

இவ்வளவு நுணுக்கமான டெஸ்டைக் கெடுப்பது எது தெரியுமா? கேஸ் மாத்திரை.

“வேற மருந்து ஏதாவது எடுக்கறீங்களாம்மா?”

“ஒண்ணும் இல்ல தம்பி.”

“கேஸுக்கு?”

“அது காலையில எழுந்ததும் போடறதுதான். அதெல்லாம் ஒரு மருந்தா?”

இந்த உரையாடல் நடக்காத வாரம் கிடையாது. ஓமிப்ரசோல், பேன்டோப்ரசோல், ரேபிப்ரசோல் என்று ‘ப்ரசோல்’ போட்டு முடிகிற எல்லா கேஸ் மாத்திரையும் டெஸ்டுக்கு 2 வாரம் முன்பே நிற்க வேண்டும். அவை அமிலத்தைக் குறைக்கும்போது கிருமியின் எண்ணிக்கையும் குறையும், யூரியேஸின் வேகமும் குறையும். கிருமி சாகாது, பதுங்கிவிடும். நெகட்டிவ் என்று ரிப்போர்ட் வரும், வீட்டுக்குப் போய் எல்லோரிடமும் நல்ல செய்தி சொல்வார்கள். ஆன்டிபயாடிக்கும், பிஸ்மத் என்கிற வயிற்று மருந்தும் என்றால் 4 வாரம் இடைவெளி வேண்டும். அந்த ஆன்டிபயாடிக் தொண்டை வலிக்குச் சாப்பிட்டதாக இருந்தாலும் சரி, பல் வலிக்குச் சாப்பிட்டதாக இருந்தாலும் சரி, கணக்கு ஒன்றுதான். இடையில் எரிச்சல் தாங்காவிட்டால் சாதாரண ஆன்டாசிட் திரவம் பெரும்பாலும் பாதகம் செய்யாது. ஆனால் எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், அல்சரில் ஏற்கெனவே ரத்தக்கசிவு வந்தவர்கள் தாங்களாக நிறுத்தவே கூடாது.

இதில் கவனிக்க வேண்டிய ஓர் ஓரவஞ்சனை உண்டு. கேஸ் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பாசிட்டிவ் வந்தால் பெரும்பாலும் நம்பலாம். நெகட்டிவ் வந்தால் நம்பக் கூடாது. மருந்தை நிறுத்தி மறுபடி பார்க்க வேண்டும்.

மலப் பரிசோதனைக்கு வருவோம். இதைச் சொன்னாலே முகம் சுளிப்பார்கள். டப்பாவைக் காகிதத்தில் சுற்றி, அதைப் பையில் போட்டு, அந்தப் பையை இன்னொரு பையில் போட்டு, யாரும் பார்க்காத நேரம் பார்த்து மேசையில் வைத்துவிட்டு ஓடிவிடுவார்கள். பெயர் எழுதாமல் ஓடுகிறவர்களைத் துரத்திப் பிடிப்பதும் எங்கள் வேலைகளில் ஒன்று. ஆனால் டெஸ்ட் தங்கமான டெஸ்ட். கிருமியின் ஆன்டிஜென், அதாவது கிருமியின் உடம்புத் துணுக்குகள், மலத்தில் இருக்கிறதா என்று பார்க்கிறது. மோனோக்ளோனல் ஆன்டிபாடி (அந்தத் துணுக்கைக் குறிபார்த்துப் பற்றுகிற எதிர்ப்புப் பொருள்) வைத்து லேப்பில் செய்கிற எலிசா முறை என்றால் துல்லியத்தில் மூச்சுப் பரிசோதனைக்கு அருகிலேயே நிற்கும். இரண்டுமே சரியாகச் செய்தால் 90 சதவீதத்துக்கு மேல். சட்டென்று பார்க்கிற அட்டை டெஸ்டுகளுக்கு நான் அவ்வளவு மதிப்பெண் கொடுக்க மாட்டேன். தண்ணீராகப் போகும்போது கொடுத்தால் ஆன்டிஜென் நீர்த்துவிடும், அன்றைக்கு வேண்டாம். சிறுநீர் கலக்காமல் எடுங்கள், வெயிலில் வைக்காதீர்கள். கேஸ் மாத்திரை விதி இதற்கும் உண்டு.

சரி, இப்போது நான் சண்டை போட நினைக்கிற இடம். ரத்தத்தில் பார்க்கிற ஐஜிஜி ஆன்டிபாடி டெஸ்ட். ஊசி போட்டு ரத்தம் எடுப்பது எளிது, பட்டினி கிடக்க வேண்டாம், ஊத வேண்டாம், கூச்சமும் இல்லை. அதனால் மாஸ்டர் செக்கப் பட்டியலில் அது பாட்டுக்கு ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அது காட்டுவது கிருமியை இல்லை; கிருமிக்கு எதிராக உடம்பு எப்போதோ தயாரித்த எதிர்ப்புப் பொருளை. கிருமி ஒழிந்தாலும் அந்த ஆன்டிபாடி மாதக்கணக்கில், பலருக்கு வருடக்கணக்கில் ரத்தத்தில் சுற்றும். குடித்தனக்காரர் காலி செய்துபோன பிறகும் வாசலில் அவர் பெயர்ப்பலகை தொங்குவது போல. அதைப் பார்த்துவிட்டு ஆள் உள்ளே இருக்கிறார் என்று கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறோம்.

இதனால் என்ன ஆகிறது? ஒருவர் ஒழுங்காக மருந்து சாப்பிட்டுக் குணமாகியிருப்பார். பிறகு எங்கேயோ ரத்தப் பரிசோதனையில் பாசிட்டிவ் வரும். மறுபடி 14 நாள், மறுபடி வாய்க்கசப்பு, வயிற்றுப்போக்கு, தலைசுற்றல். இல்லாத கிருமிக்கு மருந்து. அமெரிக்க இரைப்பைக் குடலியல் கல்லூரி உள்ளிட்ட அமைப்புகளின் வழிகாட்டுதல்கள், கிருமி போய்விட்டதா என்று பார்க்க ஆன்டிபாடி டெஸ்டைப் பயன்படுத்தாதீர்கள் என்று தெளிவாகச் சொல்கின்றன. அல்சரில் ரத்தம் கசிகிறபோது, அமிலம் குறைக்கிற மருந்தை நிறுத்தவே முடியாதபோது என்று சில இக்கட்டுகளில் அதற்கு ஓரளவு உபயோகம் உண்டு, மறுக்கவில்லை. அந்தச் சில இக்கட்டுகளுக்காக எல்லோருடைய பட்டியலிலும் அது எதற்கு?

இரண்டாவது டெஸ்டின் கதைக்குத் திரும்புகிறேன். மருந்து முடிந்து குறைந்தது 4 வாரம் கழித்து, கேஸ் மாத்திரையை 2 வாரம் நிறுத்திவிட்டு, மூச்சு அல்லது மலப் பரிசோதனை. அவ்வளவுதான். “எரிச்சலே இல்லையே, எதுக்கு?” என்பார்கள். எரிச்சல் நின்றதற்குக் கூடவே கொடுத்த, அமிலம் குறைக்கிற மாத்திரை காரணமாக இருக்கலாம். “இன்னும் வலிக்குது, மருந்து வேலை செய்யல” என்பவர்களும் உண்டு. அவர்களுக்குக் கிருமி போயிருக்கலாம், வலிக்குக் காரணம் வேறாக இருக்கலாம். வயிறு சொல்வதை வைத்து முடிவு செய்ய முடியாத நோய் இது. உலக மக்களில் பாதிப் பேர் அளவுக்கு இந்தக் கிருமியைச் சுமக்கிறார்கள் என்பது நெடுநாள் கணக்கு. அவர்களில் பெரும்பாலோருக்கு எந்தத் தொந்தரவும் தெரிவதில்லை. ஆனாலும் 1994இலேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதைப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. அப்படிப்பட்ட ஒன்று போனதா இல்லையா என்பதை ஊகத்தில் விடுவது எனக்குப் புரியாத துணிச்சல்.

மருந்தும் முன்புபோல வேலை செய்வதில்லை. கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமிகள் பல நாடுகளில் பெருகிவிட்டன. அதனால்தான் பிஸ்மத் சேர்த்த நான்கு மருந்துக் கூட்டுக்குப் போகிறார்கள். அதுவும் எல்லோருக்கும் பலிப்பதில்லை. தைவானின் மாட்சு தீவுகளில் 2004 முதல் மக்களைக் கூட்டம் கூட்டமாக மூச்சுப் பரிசோதனை செய்து மருந்து கொடுத்தார்கள். மருந்து கொடுத்ததோடு விடாமல் மறுபடி ஊத வைத்தார்கள், போகாதவர்களுக்கு வேறு மருந்து கொடுத்தார்கள். அங்கே இரைப்பைப் புற்றுநோய் பாதிக்கும் மேல் குறைந்ததாக ஆய்வாளர்கள் பின்னர் கணக்கிட்டார்கள். ஊருக்கே எண்டோஸ்கோபி செய்து இதைச் சாதித்திருக்க முடியுமா?

என்னைக் கேட்டால், மருந்து எழுதுகிற சீட்டிலேயே இரண்டாவது டெஸ்டின் தேதியையும் டாக்டர்கள் எழுதிவிட வேண்டும். கேஸ் மாத்திரை எந்தத் தேதியில் நிற்க வேண்டும் என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். இரண்டு வரி. குணமான ஆளை யாரும் தேடிப்போய் நினைவூட்டப் போவதில்லை.

ஊதினால் போதும் என்று நான் சொல்வதை வைத்துக்கொண்டு எண்டோஸ்கோபிக்குப் பயந்தவர்கள் கொண்டாட வேண்டாம். காரணமில்லாமல் எடை குறைகிறது, விழுங்கும்போது அடைக்கிறது, ரத்த வாந்தி, தார் போலக் கறுத்த மலம், ரத்தசோகை, குடும்பத்தில் இரைப்பைப் புற்றுநோய் என்றால் குழாய்தான். வயது 60ஐத் தொட்டபின் புதிதாக வயிற்றுத் தொல்லை ஆரம்பித்தாலும் அப்படியே. (பிஸ்மத் சாப்பிடும்போதும் மலம் கறுக்கும், அது வேறு. சந்தேகம் இருந்தால் கேட்டுவிடுங்கள்.) குழந்தைகளுக்கு வயிற்று வலி என்றதும் மூச்சுப் பரிசோதனைக்குக் கூட்டிவருகிற பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: குழந்தைகளுக்கான வழிகாட்டுதல்கள் வேறு. அங்கே முதலில் தேட வேண்டியது வலியின் காரணத்தை. குழந்தை மருத்துவர் சொல்லாமல் நீங்களாக டெஸ்ட் எடுக்காதீர்கள்.

இரண்டாவது டெஸ்டும் பாசிட்டிவ் என்று வந்தால் முதல் முறை சாப்பிட்ட மருந்துச் சீட்டு கையில் இருக்க வேண்டும். கிளாரித்ரோமைசினோ லெவோஃப்ளாக்சசினோ ஒரு முறை தோற்றிருந்தால் அதையே திரும்பக் கொடுப்பதில்லை. “ஏதோ சிவப்பு மாத்திரை, பேர் ஞாபகம் இல்லை” என்றால் டாக்டர் என்ன செய்வார்? சில லேப்களில் மல மாதிரியிலிருந்தே கிருமியின் மரபணுவைப் பார்த்து எந்த ஆன்டிபயாடிக்குக்கு அது அடங்காது என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த வசதி உங்களுக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் சீட்டைப் போட்டோ எடுத்தாவது போனில் வைத்துக்கொள்ளுங்கள்.