காசு வாங்க ஓடிபி எதற்கு?

சித்தப்பாவின் கணக்கிலிருந்து 28,600 ரூபாய் போய்விட்டது. உப்புவெளியில் பஸ் ஏறி, வேர்த்து விறுவிறுக்கத் திருகோணமலை டவுனில் உள்ள வங்கிக்குப் போனோம். கவுண்டரில் இருந்தவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: “ஐயா, நீங்களாகத்தானே இலக்கத்தைக் கொடுத்திருக்கிறீர்கள்.”

வயிறு எரிகிறது. ஏன் கொடுத்தார் என்று ஒருவராவது கேட்டீர்களா?

2025 ஏப்ரலில் இருந்து வைப்புப் பண வட்டியில் வெட்டும் வரி 5 சதவீதத்திலிருந்து 10 ஆகிவிட்டது. வருட வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாதவர் ஒரு படிவம் நிரப்பிக் கொடுத்தால் வெட்டாமல் விடுவார்கள். அரச பஸ் ஓட்டி ஓய்வுபெற்று, சேமலாப நிதிக் காசை அப்படியே வைப்பில் போட்ட மனுஷனுக்கு இதை வங்கியில் யாரும் சொல்லவில்லை. மாதா மாதம் வட்டி குறைந்து வருவதைப் பாஸ்புக்கில் பார்த்து நொந்துபோயிருந்தார். அப்போதுதான் அந்த மின்னஞ்சல் வந்தது. கூடுதலாக வெட்டிய வரி 28,600 ரூபாய் திருப்பித் தரப்படுமாம், 24 மணித்தியாலத்துக்குள் உறுதிப்படுத்த வேண்டுமாம். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் சின்னம் வேறு. நம்பாமல் என்ன செய்வார்? அவருக்கு உண்மையாகவே வெட்டித்தானே இருந்தார்கள்!

அட்டை இலக்கத்தைப் போட்டார். பின்பக்கத்து மூன்று இலக்கத்தையும் போட்டார். போனுக்கு ஓடிபி, அதாவது ஒருமுறை மட்டும் செல்லும் இரகசிய இலக்கம், வந்தது. அந்தச் செய்தியை நான் பார்த்தேன், முழுக்க ஆங்கிலம். நடுவில் 28,600 என்பது மட்டும் அவருக்கு விளங்கியிருக்கிறது. மின்னஞ்சலில் சொன்ன அதே தொகை, வரப்போகிற காசு என்று நினைத்து அந்த இலக்கத்தையும் போட்டுவிட்டார். காசு வாங்க ஓடிபி தேவையில்லை, கொடுக்கத்தான் கேட்பார்கள். இந்த ஒரு வசனத்தைத் தமிழில் யாராவது அவர் காதில் போட்டிருக்கக் கூடாதா?

எச்சரிக்கை ஒட்டியிருக்கிறார்களாம். போய்ப் பார்த்தேன். ஏடிஎம் கதவில் ஆங்கிலத்தில் ஒன்று, கீழே தமிழில் “ஐயத்திற்கிடமான இணைப்புகளைத் தவிர்க்குக”. எது ஐயத்திற்கிடமானது என்று அவருக்கு எப்படித் தெரியும்? முகவரியைக் காட்டிச் சொல்லுங்கள். திணைக்களத்தின் தளம் ஐஆர்டி டொட் கவ் டொட் எல்கே. வந்த இணைப்பிலும் அந்த எழுத்துகள் இருந்தன, ஆனால் அதோடு முடியவில்லை. பின்னால் ஏதோ ஒரு பெயரும் டொட் கொம்மும் ஒட்டியிருந்தது. தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அடுத்து வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியில் என்ன இருக்கிறது என்றுதான் பார்க்கவேண்டும்.

அதற்குள் இதே வங்கி, கடன் எடுங்கள், அட்டைக்குக் கழிவு என்று கிழமைக்கு இரண்டு மின்னஞ்சல் அனுப்பி ‘இங்கே அழுத்துங்கள்’ என்கிறது. அழுத்தப் பழக்கியவர்களே ஏன் அழுத்தினாய் என்று கேட்கிறார்கள்.

சரி, அட்டையை நிறுத்தியாகிவிட்டது, முறைப்பாடும் எழுதிக் கொடுத்தாகிவிட்டது. திங்கட்கிழமை சித்தப்பாவோடு மறுபடி போகிறேன். அந்த வரிப் படிவத்தைத் தமிழில் கையில் தரும்வரை கவுண்டரை விட்டு எழும்ப மாட்டேன்.