அந்தத் தம்பிக்குப் படிக்கத் தெரியும்

விண்டோஸ் போலக் கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸைப் பயன்படுத்துகிற நம் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். ஒரு மென்பொருளை நீக்கப்போய், ஐகானும் ஜன்னலும் தெரியும் டெஸ்க்டாப்பையே இழந்த அந்தத் தம்பி லேப்டாப்பைத் திறந்து வெறும் கறுப்புத் திரையைக் காட்டியதும் எழுந்த சிரிப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை. "திரையில் வருவதைப் படிக்கத் தெரியாதவனுக்கு எதற்கு லினக்ஸ்?" என்று கேட்ட அண்ணனுக்குத்தான் இந்தப் பதிவு.

தப்பு அவன் மேல் இல்லை. நீக்கும் கருவி அவனுக்குத் திரையில் காட்டிய விதத்தில்தான் தப்பு.

அவனிடம் இருந்தது உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் வகை. அதில் பைத்தான்3 என்ற நிரல்மொழி வேண்டாம் என்று நீக்கச் சொன்னால், அதை நம்பியிருக்கும் டெஸ்க்டாப்பையும் சேர்த்தே நீக்க ஆப்ட் (மென்பொருளைப் போடவும் நீக்கவும் உள்ள கருவி) தயாராகிவிடும். போகப்போகிற பேக்கேஜ்களின், அதாவது மென்பொருள் தொகுப்புகளின், பெயர்கள் எல்லாம் ஒரே பத்தியாக, ஒரே நிறத்தில் திரை நிறைய ஓடும். கடைசியில் தொடரலாமா என்று ஒரு கேள்வி. சும்மா என்டர் தட்டினாலே சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும்.

என் அக்கா டிடிபி கடை வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகையில் ஒரு ஒற்று விடுபட்டால்கூடக் கண்ணில் பட்டுவிடும், அப்படிப் பிழை பார்ப்பவர். முகூர்த்த நாள் நெருக்கத்தில் அவருக்கும் இதே கதிதான். சரிசெய்ய வந்தவர் சொன்னது, "நீங்கதானே மேடம் என்டர் தட்டினீங்க?" அக்காவுக்கா படிக்கத் தெரியாது? மறுநாளே விண்டோஸுக்குத் திரும்பிவிட்டார். என்னால் ஒரு வார்த்தை மறுத்துப் பேச முடியவில்லை.

"நிறம், அழகு எல்லாம் கட்டளை தட்டுகிற டெர்மினலுக்கு எதற்கு?" என்பீர்கள். நான் அழகைக் கேட்கவே இல்லை. போவது எது, வருவது எது என்று பிரித்துக் காட்டச் சொல்கிறேன். "ஸ்கிரிப்ட் (கட்டளைகளைத் தானாக ஓட்டும் கோப்பு) உடைந்துவிடும்" என்றால், ஸ்கிரிப்டுக்கு ஆப்ட்-கெட் என்ற தனிக் கட்டளை இருக்கிறது. ஆப்டின் முகப்பு மாறலாம் என்று அதன் கையேடே சொல்கிறது. சிவப்பும் பச்சையும் எல்லோர் கண்ணுக்கும் பிரிந்து தெரியாது என்பது மட்டும் நியாயமான பேச்சு.

2021-இல் லைனஸ் செபாஸ்டியன் என்ற யூடியூபர், பாப் ஓஎஸ் என்ற இன்னொரு லினக்ஸ் வகையில் ஸ்டீம் என்ற கேம் மென்பொருளைப் போடப்போய் டெஸ்க்டாப்பையே இழந்தார். "ஆம், நான் சொல்வதைச் செய்" என்று முழு வாக்கியத்தை ஆப்ட் அடிக்கச் சொன்னது, அவரும் அடித்தார். ஊரே சிரித்தது. ஆப்டை எழுதுகிறவர்கள் சும்மா இருக்கவில்லை. அத்தியாவசிய பேக்கேஜை அப்படி ஒரு வாக்கியத்தால் நீக்கும் வழியை அந்த ஆண்டே அடைத்தார்கள். அப்புறம் உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியன் லினக்ஸின் 13-ஆம் பதிப்புடன் வந்த ஆப்ட் 3.0-இல் பெயர்கள் பத்தி பத்தியாக ஓடாமல் நெடுவரிசையில் நிற்கின்றன. நீக்கப்படுபவை சிவப்பில், கேள்விக்குப் பக்கத்திலேயே, கடைசியாக வருகின்றன. பயனருக்குப் படிக்கத் தெரியவில்லை என்று அவர்கள் நினைத்திருந்தால் இதில் ஒரு வரியாவது மாறியிருக்குமா?

கருவியைச் செய்தவர்களே திருத்திக்கொண்டார்கள். அதை வெறுமனே பயன்படுத்தும் நமக்கு எங்கிருந்து வந்தது இந்த மிதப்பு? இருபது பேர் நடுவில் அவன் முகம் சுருங்கியதைப் பார்த்தும் ஒருவர்கூட எழுந்து போய் டெஸ்க்டாப்பைத் திரும்பப் போட்டுத் தரவில்லை. அண்ணா, நீங்கள் அவனைக் கூப்பிட்டுப் பேசும்வரை அந்தக் கூட்டத்துக்கு நான் வரப்போவதில்லை.